இரண்டு கீமோவுக்கு நடுவே இருபது நாள்

புற்றுநோய் சிகிச்சை என்றதும் பலர் மனத்தில் எழுவது ஆஸ்பத்திரிக் கட்டிலும் அதில் படுத்திருக்கும் நோயாளியும்தான். இன்று பெரும்பாலான நோயாளிகளுக்குக் கட்டிலே தேவைப்படுவதில்லை. காலையில் வருகிறார்கள். ரத்தம் கொடுக்கிறார்கள், டோக்கன் வாங்குகிறார்கள், டாக்டரைப் பார்க்கிறார்கள். டே கேர் பிரிவில் ஒரு நாற்காலியில் சாய்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏறிவிடுகிறார்கள். பல கீமோ மருந்துகள் 21 நாளுக்கு ஒருமுறை தரப்படுபவை. ஒரு நாள் ஆஸ்பத்திரி, மிச்சம் இருபது நாள் வீடு.

அந்த இருபது நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. உங்கள் வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் என்றால் கட்டாயம் படியுங்கள்.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அன்றைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்குப் படுக்கைதான் அடிப்படை. பிறகு மருந்துகள் மாறின. கீமோவின் கடும் வாந்தியை அடக்கும் ஒண்டான்செட்ரானுக்கும், வெள்ளணுக்களை ஏற்றிவிடும் ஊசிக்கும் 1991-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2001-இல் இமாடினிப் வந்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு வீட்டிலேயே மாத்திரை விழுங்கினால் போதும் என்று ஆனது. இப்படித்தான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து வீட்டுக்கும் சிகிச்சை நகர்ந்தது.

இது நல்ல மாற்றம். வீட்டுச் சாப்பாடு, சொந்தப் படுக்கை, சுற்றிலும் தெரிந்த முகங்கள். யாரைக் கேட்டாலும் வார்டைவிட வீடுதான் வேண்டும் என்பார்கள். ஆனால் வார்டில் இருந்தால் நர்ஸ் வேளைக்கு ஒருமுறை காய்ச்சல் பார்ப்பார். சாப்பிட்டீர்களா, வயிறு போனதா என்று கேட்பார். கேட்டதை சார்ட்டில் எழுதுவார். சிகிச்சை வீட்டுக்கு வந்தபோது அந்தக் கேள்விகள் கூடவே வரவில்லை. புறநோயாளிப் பிரிவில் இன்று முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நோயாளியிடம் முறையாகக் கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலுக்கு அன்றே யாராவது ஏதாவது செய்ய வேண்டும்.

"சொன்னா மருந்த நிப்பாட்டிருவாக"

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. விருதுநகர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்தோம். ஒரு கீமோவுக்குப் பிறகு அவருக்கு வாயெல்லாம் வெந்துபோனது. கஞ்சித் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. நாக்கு செத்துப்போச்சு, எதைத் தின்றாலும் மண்ணைத் தின்ற மாதிரி இருக்கு என்றார். பாதம் மரத்து, நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை.

அடுத்த தடவை டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். நல்ல மனிதர், பொறுமையானவர். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். "பரவாயில்லங்கய்யா" என்றார் பெரியம்மா. டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். கவுண்ட் சரியாக இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடலாம் என்று எழுதினார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏன் பெரியம்மா, வாய் வெந்து கெடந்தத ஒரு வார்த்த சொல்லல?"

"விடுய்யா. வெளியில எத்தன பேரு நிக்கிறாக பாத்தயில்ல? நான் பாட்டுக்கு என் கதையச் சொல்லிக்கிட்டு இருந்தா அவரு மத்தவகள எப்பப் பாப்பாரு?" என்றார். கொஞ்சம் தூரம் நடந்தபின் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதுபோக, சொன்னா மருந்த நிப்பாட்டிருவாகல்ல."

ஒன்று பிறர்மேல் உள்ள கரிசனம், மற்றொன்று பயம். இந்த இரண்டையும் அதன்பிறகு காத்திருப்புக் கூடத்தில் பேச்சுக் கொடுத்த பலரிடமும் கேட்டிருக்கிறேன். டாக்டரின் அன்பு குறைந்ததால் வந்ததல்ல இது. ஒரு காலைப்பொழுதுக்குள் நூறு பேரைப் பார்த்தாக வேண்டிய அறையில், "எப்படி இருக்கீங்க" என்ற ஒற்றைக் கேள்வியால் ஒருவருடைய இருபது நாளையும் வெளியே கொண்டுவர முடியாது. பெரியம்மாவின் பாத மரமரப்பு சின்ன விஷயமும் அல்ல. சில கீமோ மருந்துகள் நரம்பைப் பாதிப்பவை. ஆரம்பத்திலேயே சொன்னால் அளவைக் குறைக்கலாம், இடைவெளியை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். சொல்லாமல் விட்டால் சிகிச்சை முடிந்த பிறகும் அந்த மரமரப்பு நிலைத்துவிடக்கூடும்.

டாக்டர் எழுதியதும் நோயாளி எழுதியதும்

நம் ஊர் ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள், வெளிநாட்டில் அப்படியில்லை என்று நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது உலகமெங்கும் இதே கதைதான். இத்தாலிய ஆய்வாளர்கள் நடத்திய மூன்று மருந்து ஆய்வுகளில் பங்கெடுத்த 1,090 பேரின் பதிவுகளை வைத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் என்று ஆறு தொந்தரவுகள். நோயாளி தன் கையால் எழுதியதையும் அவரைப் பார்த்த டாக்டர் எழுதியதையும் ஒப்பிட்டார்கள். நோயாளி "இருக்கிறது" என்று எழுதியவற்றில் டாக்டரின் பதிவில் விடுபட்டவை, தொந்தரவைப் பொறுத்து, ஏறத்தாழ 41 முதல் 74 சதவீதம் வரை. மருந்து ஆய்வுகளில் பக்கவிளைவைக் குறிப்பதே டாக்டரின் வேலைகளில் ஒன்று. அங்கேயே இவ்வளவு விடுபடுகிறது என்றால் கூட்டம் நெரியும் சாதாரண ஓ.பி.யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, நோயாளியை நேராகவே கேட்டால் என்ன ஆகும்? நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஈதன் பாஷ் இதைச் சோதித்துப் பார்த்தார். 2007 முதல் 2011 வரை, முற்றிய நிலைப் புற்றுநோய்க்காக வெளியிலிருந்து வந்து கீமோ எடுத்துக்கொண்ட 766 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினர் 12 பொதுவான தொந்தரவுகளைப் பற்றிக் கணினியில் தாங்களே குறித்துவந்தார்கள். ஏதாவது கடுமையானாலோ முன்பைவிட மோசமானாலோ உடனே நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். அப்படிப் போனவற்றில் 77 சதவீதத்துக்கு நர்ஸ்கள் ஏதாவது ஒன்றைச் செய்தார்கள்: போனில் பேசி வழி சொன்னார்கள், மருந்து எழுத ஏற்பாடு செய்தார்கள், கீமோ அளவை மாற்றச் சொன்னார்கள், நேரில் வரச் சொன்னார்கள்.

முதல் முடிவுகள் 2016-இல் வந்தன. வாழ்க்கைத் தரம் மேம்பட்டவர்கள் வழக்கமான பிரிவில் 18 சதவீதம், குறித்துவந்த பிரிவில் 34 சதவீதம். அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் 41 சதவீதத்திலிருந்து 34 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-இல் ஆயுட்காலக் கணக்கு வெளியானது. வழக்கமான பிரிவில் சராசரியாக 26 மாதம் என்ற இடத்தில், குறித்துவந்த பிரிவில் 31 மாதத்துக்குச் சற்று மேல். புது மருந்து எதுவும் தரப்படவில்லை. கேள்வியும் அதற்கு ஒரு நர்ஸின் பதிலும்தான் கூடுதலாகத் தரப்பட்டவை.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த எண் வேறு. குறித்துவந்தவர்கள் சராசரியாக 8.2 மாதம் கீமோவைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களால் 6.3 மாதம்தான் தொடர முடிந்தது. பெரியம்மாவின் பயத்துக்கு நேரெதிரான பதில் இது. தொந்தரவைச் சொன்னவர்களுக்குத்தான் மருந்து அதிக நாள் கிடைத்தது. சொன்னதால் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் நேரத்தோடு வைத்தியம் நடந்திருக்க வேண்டும், உடம்பு அடுத்த கீமோவைத் தாங்கியிருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் இந்த முறையால் பலன் கூடுதலாகக் கிடைத்தது. "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இதே குழுவினர் பின்னர் அமெரிக்காவில் 52 சாதாரணப் புற்றுநோய் மையங்களில் 1,191 பேரிடம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். உடல் இயக்கம், தொந்தரவுகளின் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் எல்லாம் மேம்பட்டன. அவசரப் பிரிவுக்குப் போவது தள்ளிப்போனது. ஆனால் இம்முறை ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. வலியில்லாமல் தூங்கிய இரவுக்கும் ருசித்துச் சாப்பிட்ட சோற்றுக்கும் தனியாக மதிப்பு உண்டு. அவற்றை ஆயுள் கணக்கில் சேர்த்தால்தான் மதிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

நம் ஓ.பி.யில் இதை எப்படிச் செய்யலாம்?

கணினி வேண்டாம். ஒரு தாள் போதும். கனடாவின் எட்மன்டன் நகரில் டாக்டர் எட்வர்டோ புருயேராவும் உடனிருந்தவர்களும் 1991-இல் வெளியிட்ட ஓர் எளிய அட்டை உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. வலி, அசதி, குமட்டல், மனச்சோர்வு, பதற்றம், தூக்கக்கலக்கம், பசி, மூச்சுத்திணறல் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே 0 முதல் 10 வரை. ஒன்றுமில்லை என்றால் 0, தாங்கவே முடியவில்லை என்றால் 10.

நம் ஊரில் நோயாளிகள் ஓ.பி. வராந்தாவில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இந்த அட்டையைக் கையில் கொடுக்கலாம். வாசிக்கத் தெரியாதவருக்கு ஒரு நர்சிங் மாணவியோ தன்னார்வலரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் குறிக்கலாம். ஜனங்கள் பேசுகிற மாதிரியே கேள்வி இருக்கட்டும்: வாய் வெந்திருக்கிறதா? வயிறு புரட்டுகிறதா? கை கால் மரத்துப்போகிறதா? ராத்திரி தூக்கம் வருகிறதா? கடைசியில் இரண்டு கேள்விகளைச் சேர்ப்பேன். இந்த மாதம் செலவுக்கு எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இதில் எது உங்களை மிகவும் வாட்டுகிறது?

எண் 4-க்கு மேல் போனால் நர்ஸ் பேச வேண்டும். 7-க்கு மேல் போனால் டாக்டர் அதைப் பற்றிக் கேட்காமல் அடுத்த கீமோவை எழுதக் கூடாது. இந்த விதிதான் முக்கியம். நிரப்பிய அட்டை ஃபைலுக்குள் போய் அங்கேயே கிடந்தால், மூன்றாவது தடவை நோயாளி எல்லாவற்றுக்கும் 0 போட்டுக் கொடுத்துவிடுவார். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமல் இருப்பதைவிடக் கெடுதல்.

அடுத்தது வீட்டில் இருக்கும் நாட்கள். பிரிட்டனில் கீமோ எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அட்டையும், 24 மணி நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணும் தருகிறார்கள். மறுமுனையில் இருப்பவர் பயிற்சி பெற்ற நர்ஸ். ஒரு பட்டியலை வைத்துக் கேள்வி கேட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார். சிவப்பு என்றால் உடனே கிளம்பி வர வேண்டும். நம் ஊரில் இதன் அவசியம் இன்னும் அதிகம். கீமோ போட்ட ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரநிலை. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டாக வேண்டும். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பாராசிட்டமால் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்கிறோம். தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் இன்ன மருந்து இன்ன தேதியில் ஏற்றப்பட்டது என்று எழுதிய ஓர் அட்டை கையில் இல்லாவிட்டால் இரவுப் பணி டாக்டருக்கு எதுவும் தெரியாது.

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீட்டுக்கே போகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. கீமோ நடந்துகொண்டிருப்பவர்களின் பட்டியல் ஊர்வாரியாக அவர்கள் கையில் இருந்தால், வாரம் ஒருமுறை அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டு, எண் கூடியிருந்தால் மருத்துவமனைக்குத் தெரியப்படுத்தலாம்.

நோயாளியின் நாள் யாருடையது?

பெரியம்மா முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழுவார். எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் பதினொன்றுக்கு. டாக்டரைப் பார்க்க மதியம். மருந்து கலந்து நாற்காலி கிடைக்க இரண்டரை. முடியும்போது இருட்டிவிடும். மருந்து ஏறிய நேரத்தைவிட அதற்காகக் காத்திருந்த நேரம்தான் ஒவ்வொரு தடவையும் அதிகம். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

அர்ஜுன் குப்தா, எலிசபெத் ஐசன்ஹவர், கிறிஸ்டோபர் பூத் என்ற மூன்று புற்றுநோய் மருத்துவர்கள் 2022-இல் இதைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை விழுங்கும் நேரத்தையும் ஒரு பக்கவிளைவாகவே கணக்கிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். முற்றிய நோயில் ஒரு மருந்து தரும் கூடுதல் நாட்களில் எத்தனை நாள் பயணத்திலும் வராந்தாவிலும் கழிகின்றன என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். எனக்கு இது முழுக்கச் சரி என்று படுகிறது.

குறைக்க வழிகள் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையை முந்தின நாளே சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ லேபிலோ எடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அரை நாள் மிச்சம். கவுண்ட் குறைவு என்றால் பயணமே மிச்சம். எல்லோரையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்லாமல், மருந்து ஏற எவ்வளவு நேரமாகும் என்பதைப் பார்த்து நேரம் பிரித்துக் கொடுக்கலாம்.

சிகிச்சை முறைகளும் சுருங்கி வருகின்றன. நம் ஊரில் "கரண்டு வைக்கிறது" என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு மார்பகப் புற்றுநோயில் ஐந்து வாரம் தினமும் போக வேண்டியிருந்தது. பிறகு மூன்று வாரம் போதும் என்று நிறுவினார்கள். பிரிட்டனில் 4,096 பேரிடம் நடந்த ஆய்வு, அறுவைக்குப் பிந்தைய ஆரம்ப நிலை நோயில் பலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவை கொடுத்தாலே போதும் என்று 2020-இல் காட்டியது. நோய் எலும்புக்குப் பரவி வலிக்கும்போது, பெரும்பாலும், ஒரே தடவை 8 கிரே அளவுக் கதிர்வீச்சு கொடுப்பது பல நாள் பிரித்துக் கொடுப்பதற்குச் சமமாக வலியைக் குறைக்கிறது. டிராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தை நரம்பில் ஏற்றாமல் தோலுக்கடியில் சில நிமிடங்களில் போட்டுவிடலாம். இரண்டையும் அனுபவித்த பெண்களிடம் எது வேண்டும் என்று கேட்ட ஆய்வு 2013-இல் வந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தோல் ஊசியைத்தான் கேட்டார்கள். இவை எல்லோருக்கும் பொருந்தா. ஆனால் "எனக்கு இது பொருந்துமா?" என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு தகவல்: சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்கு வரும் ஒருவருக்கு அவற்றில் 75 சதவீதம். மருத்துவமனையில் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்து வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

என்ன வேண்டும் என்று கேட்பது

ஒருமுறை டே கேர் நர்ஸ் ஒருவர் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டே பெரியம்மாவிடம் கேட்டார்: "அம்மா, அடுத்த மாசம் உங்களுக்கு முக்கியமான நாள் ஏதாச்சும் இருக்கா?" பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வருகிறது. பிறந்ததிலிருந்து தவறியதில்லை என்றார். நர்ஸ் டாக்டரிடம் பேசினார். சில நாள் தள்ளினால் பாதகமில்லை என்று டாக்டர் தேதியை மாற்றினார். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து பெரியம்மா கோயிலுக்குப் போய்வந்தார். அதற்குப் பின் கீமோவுக்குக் கிளம்பும்போது அவரிடம் இருந்த தயக்கம் போய்விட்டது. அவருடைய வாழ்க்கைக்குள் சிகிச்சை ஓர் இடம் பிடித்துக்கொண்டது.

நோயாளியின் விருப்பத்தை ஊகித்துவிடலாம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். முடியாது. கடுமையான கீமோவை எவ்வளவு பலன் கிடைத்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள், பொதுமக்கள் என எல்லாத் தரப்பையும் லண்டனில் கேட்டார்கள். 1990-இல் வெளிவந்த முடிவு: மிகச் சிறிய பலனுக்காகக்கூட ஏற்கத் தயாராக இருந்தவர்கள் நோயாளிகள்தாம். மற்ற எல்லோரும் அதைவிடப் பெரிய பலனை எதிர்பார்த்தார்கள். இதற்கு நேர்மாறாக, போதும், வீட்டோடு இருக்கிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. யார் எந்தப் பக்கம் என்பது கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு முன் உண்மை தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஆய்வில், நோய் பரவிய பிறகு கீமோ எடுத்த நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 சதவீதம் பேரும் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 சதவீதம் பேரும், அந்த மருந்து நோயைக் குணமாக்க வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொள்ளவில்லை. நம் வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், நோயின் பெயரையே நோயாளியிடமிருந்து மறைக்கிறோம். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்று அறைக்கு வெளியே கெஞ்சும் மகன்களைப் பார்த்திருக்கிறேன். அது அன்புதான். ஆனால் அந்த அன்பில் அம்மாவின் கருத்து கேட்கப்படவில்லை.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே டாக்டர் நோயாளியிடம் கேட்கலாம்: "உங்க உடம்பப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க? உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வேற யார்கிட்டயாவது சொல்லணுமா?" மகனிடம் சொல்லுங்கள் என்று அவரே சொன்னால் அது அவர் எடுத்த முடிவு. அதை மதிக்கலாம். கூடவே, நர்ஸுடன் தனியாக இரண்டு நிமிடம் எல்லா நோயாளிக்கும் கிடைக்க வேண்டும். முக்கியமாகப் பெண்களுக்கு. பிறப்புறுப்பில் எரிச்சல், ரத்தப்போக்கு, சிறுநீர் அடங்காமல் போவது, கணவரோடு உள்ள உறவு, இவற்றை மகனையோ மருமகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் சொல்வார்?

நோயாளியை எது வாட்டுகிறது என்று கேட்டால் மருத்துவமே முன்னேறும் என்பதற்கு மும்பையிலிருந்து ஓர் உதாரணம். கீமோ வாந்திக்குத் தரும் ஓலான்சபின் மாத்திரை நன்றாக வேலை செய்யும்; ஆனால் 10 மில்லிகிராம் எடுத்தால் மறுநாள் முழுக்கத் தூக்கம் தள்ளும். டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் தலைமையில் 275 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அதில் கால் பங்கு, 2.5 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். வாந்திக் கட்டுப்பாட்டில் குறைவில்லை. தூக்கக்கலக்கம் வெகுவாகக் குறைந்தது. 2024-இல் லான்செட் ஆன்காலஜியில் வெளியான இந்த ஆய்வு, பகலில் விழித்திருந்து பிள்ளைகளையும் வீட்டையும் கவனிக்க விரும்புகிறவர்களுக்குக் கிடைத்த வெற்றி.

வலிக்கு வேறொரு கதவு வேண்டாம்

பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய் ஆதரவு சிகிச்சை என்றால் எல்லாம் முடிந்த பிறகு போகும் இடம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ஜெனிஃபர் டெமலும் குழுவினரும் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவின்படி அவர்களின் மனச்சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. கடைசி நாட்களில் கடும் சிகிச்சைகள் குறைந்தும், ஆயுள் 8.9 மாதத்திலிருந்து 11.6 மாதமாகக் கூடியிருந்தது.

பக்கத்துக் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணப் பணி ஒரு சின்னப் புறநோயாளி கிளினிக்காகத்தான் பிறந்தது. ஊர்த் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். வீடு வீடாக விரிந்தது. 2008-இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. மார்பின் மருந்துக்கு 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் போட்ட முட்டுக்கட்டைகளைத் தளர்த்த 2014-இல் திருத்தம் வந்ததிலும் இவர்களைப் போன்றவர்களின் நெடிய உழைப்பு இருக்கிறது. கீமோ ஓ.பி.க்கு அடுத்த அறையிலேயே, அதே நாளில், வலிக்கான டாக்டரையும் பார்க்க முடிய வேண்டும் என்பது என் ஆசை. தனி டோக்கன், தனிக் கட்டடம், தனி நாள் என்றால் யாரும் போக மாட்டார்கள்.

நாளைக்கே செய்யக்கூடியவை

நோயாளியோடு இருப்பவர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு தெர்மாமீட்டரும் வாங்குங்கள். தினமும் ஒரு வரி போதும்: காய்ச்சல், வலி எத்தனை, என்ன சாப்பிட்டார், வயிறு எப்படி, எது மிகவும் வாட்டியது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் மிக மோசமானதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்ல நோயாளி தயங்கினால், அவர் சம்மதத்தோடு நோட்டைத் திறந்து மேசையில் வையுங்கள். இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் கீமோ அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு: நேரம் இல்லை, ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் ஓ.பி.யில் நின்று அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சின்னதாகத் தொடங்கச் சொல்கிறேன். வாரத்தில் ஒரே ஓ.பி. நாள், இருபது நோயாளிகள், பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாள், அதைப் பார்க்கும் பொறுப்பு உள்ள ஒரு நர்ஸ். எண் கூடினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு பக்கம். மூன்று மாதம் கழித்து அந்தத் தாள்களை ஒன்றாக அடுக்கி, எந்தக் கேள்விக்குப் பெரிய எண்கள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மருத்துவமனையில் வாய்ப்புண் முதலில் நிற்கும், இன்னொன்றில் தூக்கமின்மை, வேறொன்றில் பஸ் செலவு. உங்கள் ஓ.பி.யில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை உங்கள் நோயாளிகளே எழுதிக் கொடுத்திருப்பார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.